ஒரு முழம்

குழாய் ஒரு முழ உயரத்தில் தொங்குகிறது.
ரோடு போட்டவர்கள்
தண்ணீர் இறங்குவதை மட்டும் நினைத்திருக்கிறார்கள்.
புதுவெள்ளத்தில் எதிரேறி வரும் அயிரை
இங்கே வந்து முட்டி நிற்கும்.
அதனால் கொக்குகள் எப்போதும் குழாயின் கீழ்ப்பக்கம்,
பந்தியில் இடம்பிடித்தவர்கள் போல.

ஞாயிற்றுக்கிழமை, ஆறேகால்.
துவரிமானுக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்து ஓடையில்
முட்டளவு சேற்றில் ஆறு பேர்.
நான் மின்வாரியத்தில் கணக்கெழுதுகிறவன்.
சிக்கந்தர் பழைய பேட்டரி வாங்கி விற்பவர்.
ஒச்சம்மாள் நூறுநாள் வேலையில் இதே ஓடையைத் தூர்வாரியவர்;
"அப்பக் காசு குடுத்தாக, இப்ப நீங்க டீயாச்சும் குடுக்குறீக"
என்று மண்வெட்டியோடு வந்துவிட்டார்.
கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். கையுறை அவர்களிடம்தான்.
பிறகு ஜெசிந்தா. நர்சிங் இரண்டாம் வருடம். ஊர் மூக்கையூர்.

இந்த ஓடை கிருதுமாலில்,
கிருதுமால் குண்டாற்றில்,
குண்டாறு, மழை மனசு வைத்த வருடங்களில்,
மூக்கையூரில் கடலுக்குள்.
"நீங்க இங்க போடுறது
எங்க வாசலுக்குத்தான் சார் வரும்" என்பாள்,
குறையாகச் சொல்லாமல், முகவரி சொல்வது போல.

பைக்கை நிறுத்தி ஒருவர் கேட்டார்:
எந்தக் கட்சிண்ணே?
கட்சியெல்லாம் இல்ல.
அப்ப எதுக்கு?
அயிரைக்கு.
அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது.

நாற்பத்தோரு மூட்டை.
குவார்ட்டர் பாட்டில், பாம்பர்ஸ், கொடிக்கம்பி,
ஒரு பூப்புனித நீராட்டு விழா பிளக்ஸ்.
அதில் சிரிக்கும் பிள்ளைக்கு
இந்நேரம் கல்யாணமே ஆகியிருக்கும்.
வேரில் சுற்றிய நைலான் வலையை மட்டும்
ஜெசிந்தா வேறு யாரையும் தொடவிடவில்லை.
அவள் அப்பா வலையில் ஒருமுறை ஆவுளியா மாட்டியது.
மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர்.
இருபத்திரண்டாயிரம் ரூபாய் வலையை
அவர் கத்தியால் அறுத்தார்.
குட்டி போய்விட்டது.
தாய் போகவில்லை.
அவ்வளவுதான் சொன்னாள்.
ஆவுளியா இங்கே வரப்போவதில்லை,
அது அவளுக்கும் தெரியும்.
வலையை மடித்து, மூட்டையில் போடாமல்,
தன் பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கல் அடுக்கினோம், குழாய் வாய் வரைக்கும்.
பையன்கள் போனில் பார்த்துக் கட்டிய படிகளை
ஒச்சம்மாள் காலால் தள்ளிவிட்டார்.
"மீனுக்கு ஏதுப்பா முழங்காலு?"
நாலு விரல் உயரம், ஒரு குழி,
மறுபடி நாலு விரல், ஒரு குழி,
மூச்சுவாங்கி ஏற.

மதியம் மெஸ்ஸில் அயிரைக் குழம்பு.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
நான் இரண்டாம் முறை ஊற்றச் சொன்னேன்.

ஐப்பசி பாதியில் ஓர் இரவு கொட்டித் தீர்த்தது.
செல்லூரில் என் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர்.
விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே
ஓடைக்கு நல்லது என்று நினைத்தேன்.
மனைவியிடம் சொல்லவில்லை.

விடிந்ததும் சிக்கந்தரின் டிவிஎஸ்ஸில் போனோம்.
இரண்டாம் படியைக் காணோம்.
மூன்றாவது சாய்ந்திருக்கிறது.
குழிகளில் செந்தண்ணீர், உள்ளே ஒன்றும் தெரியவில்லை.
"ஏறிருக்குமா?" என்றார்.
பீடி பற்றவைக்க மூன்று குச்சி செலவானது.

ஜெசிந்தாவுக்கு ஒரு படம் அனுப்பினேன்.
"வெறும் கொக்குதான சார் இருக்கு?"
ஆமாம்மா.
எந்தப் பக்கம் நிற்கிறது, பார்.